ஆபரேஷன் காலையில், வலி ராத்திரியில்: குழந்தைக்கு எந்த மருந்து, எப்போது?

"சிஸ்டர், பையன் நல்லா விளையாடிக்கிட்டு இருக்கான். அந்த வலி சிரப்பை இப்பவே கொடுக்கணுமா, அழுதா கொடுத்தாப் போதுமா?"

மத்தியானம் மூன்று மணிக்கு இப்படி ஒரு போன் வரும். ராத்திரி ஒன்பது மணிக்கு அதே நம்பரிலிருந்து இன்னொரு போன். இந்த முறை பேச்சுக்குப் பின்னால் பையன் வீறிடும் சத்தமும் சேர்ந்து கேட்கும். மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில், ஆபரேஷன் முடிந்து குழந்தைகள் மயக்கம் தெளிகிற வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். குடலிறக்கம், விரைவீக்கம், சுன்னத், டான்சில், மாறுகண் என்று காலையில் வந்து சாயங்காலம் வீடு திரும்புகிற பிள்ளைகள்தான் அங்கே அதிகம். அவர்களின் பெற்றோர் கேட்பதெல்லாம் "எந்த மருந்து நல்லது" என்பதுதான். அதைவிடப் பெரிய கேள்வி எந்த நேரத்தில் கொடுப்பது என்பது. ஆனாலும் அவர்கள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

## சாயங்காலம் ஏன் அழுகிறது?

இடுப்புக்குக் கீழே ஆபரேஷன் என்றால், குழந்தை மயக்கத்தில் இருக்கும்போதே முதுகுத்தண்டின் அடியில் மரத்துப்போகிற ஊசி ஒன்று போடுவார்கள். தியேட்டரில் அதற்குப் பெயர் 'காடல்'. சாதாரணமாக நாலிலிருந்து ஆறு மணி நேரம் வேலை செய்யும். கூடவே சில மருந்துகள் சேர்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் நீளும். காலை ஒன்பது மணிக்குப் போட்ட ஊசி, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் இறங்கத் தொடங்கும். மத்தியானம் குதித்து விளையாடியதற்குக் காரணம் அந்த ஊசிதான். வலி இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போது இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும்: "தியேட்டரில் என்ன வலி மருந்து கொடுத்தீங்க, எத்தனை மணிக்கு?" நம் ஊரில் டைக்ளோஃபினாக் சப்போசிட்டரியைத் தியேட்டரிலேயே பின்பக்கம் வைத்து அனுப்புவது சகஜம். அது தெரியாமல் வீட்டுக்கு வந்ததும் ஐபுப்ரோஃபென் சிரப் கொடுத்தால், ஒரே குடும்பத்து மருந்தை இரண்டு பக்கமாகக் கொடுத்தது போலாகிவிடும். பாராசிட்டமாலும் அப்படியே. காலை எட்டரைக்குக் கொடுத்திருந்தால் அடுத்த வேளை இரண்டரைக்குத்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான் பார்க்கிற கணக்குகள் ஐந்து. கொடுத்து எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும், எவ்வளவு நேரம் தாங்கும்? வாந்தி எடுக்கிற குழந்தையின் வயிற்றில் நிற்குமா? தூக்கக் கலக்கத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு அப்பாவோ பாட்டியோ தப்பில்லாமல் கொடுக்க முடியுமா? தப்பாகக் கொடுத்துவிட்டால் எவ்வளவு ஆபத்து? கடைசியாகச் செலவு. காசைப் பொறுத்தவரை எல்லாமே மலிவான மருந்துகள்தான். நான் சொல்வது தூக்கம், அலைச்சல், பதற்றம் என்று போகிற செலவை.

| வழி | வேலை தொடங்க | தாங்கும் நேரம் | வாந்தி இருந்தால் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| பாராசிட்டமால் சிரப் | அரை மணி | 4–6 மணி | நிற்காமல் போகலாம் | பாட்டிலின் வலு மாறுவது |
| ஐபுப்ரோஃபென் சிரப் | அரை முதல் முக்கால் மணி | 6–8 மணி | வேண்டாம் | நீர்ச்சத்து, சிறுநீரகம், டெங்கு |
| இரண்டும் சேர்ந்த ஒரே சிரப் | அரை மணி | சுமார் 6 மணி | வேண்டாம் | பாராசிட்டமால் இரட்டிப்பது |
| பாராசிட்டமால் சப்போசிட்டரி | 1–2 மணி | 6 மணி | உதவும் | ஒழுங்கற்ற உறிஞ்சல், வெயிலில் உருகுவது |

## பாராசிட்டமால் மட்டும்

சின்ன ஆபரேஷனுக்கு இதுவே முதல் மருந்து. பெரும்பாலான பிள்ளைகளுக்கு, மணி தவறாமல் கொடுத்தால், முதல் ஒன்றிரண்டு நாளைக்குக் குடலிறக்க வலியை இது தாங்கிவிடும். ஒரு வேளைக்கு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறு உள்ள பிள்ளைக்கும், கைக்குழந்தைக்கும் இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு டாக்டர் எழுதியதே அளவு.

இந்த மருந்தின் பெரிய சிக்கல் பாட்டிலில்தான் இருக்கிறது. 16 கிலோ பையனுக்கு 240 மில்லிகிராம் வேண்டும். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 10 மில்லி. 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 5 மில்லிக்கும் ஒரு சொட்டு குறைவு. கைக்குழந்தைக்கான டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும், அதில் இரண்டரை மில்லிகூட வேண்டாம். மூன்றும் ஒரே கம்பெனிப் பெயரில், ஏறக்குறைய ஒரே அட்டைப்பெட்டியில் வரும். "போன தடவை காய்ச்சலுக்கு ஒரு மூடி கொடுத்தோம்" என்ற நினைவில் இந்தத் தடவையும் ஒரு மூடி ஊற்றினால், பாட்டிலைப் பொறுத்து அளவு பாதியாகவும் போகலாம், இரட்டையாகவும் போகலாம். நான் பார்த்த வரைக்கும் அதிகம் நடப்பது பாதி அளவுதான். 250 சிரப்பை எழுதிக் கொடுத்திருப்பார்கள், வீட்டில் 120 இருக்கும், "அதே மருந்துதானே" என்று 5 மில்லி கொடுப்பார்கள். அப்புறம் "பாராசிட்டமால் இவனுக்குக் கேட்கவே இல்லை சிஸ்டர்" என்பார்கள். பாதி மருந்து பாதி வலிக்குத்தானே கேட்கும்?

பாலாடையிலும் ஸ்பூனிலும் அளக்க வேண்டாம். சமையலறை ஸ்பூன் ஒன்றுக்கொன்று மாறும். ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் மெடிக்கல் ஷாப்பில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். கன்னத்தின் உட்பக்கமாகச் சாய்த்து மெல்ல அழுத்தினால் துப்பவும் மாட்டான், புரையும் ஏறாது.

யாருக்கு இது மட்டும் போதும்? குடலிறக்கம், விரைவீக்கம், பல் பிடுங்கியது, காதில் குழாய் வைத்தது. சுன்னத்துக்கும் விரை இறக்கும் ஆபரேஷனுக்கும் முதல் இரண்டு மூன்று நாளைக்கு இதோடு இன்னொன்று தேவைப்படலாம். டான்சிலுக்குப் பெரும்பாலும் போதாது.

## பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும்

இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்கிற மருந்துகள். அதனால் சேர்த்துக் கொடுக்கலாம், வலியும் கூடுதலாக அடங்கும். ஐபுப்ரோஃபென் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், ஒரு நாளில் மூன்று வேளை, வயிற்றில் ஏதாவது போட்ட பிறகு.

கொடுக்கும் முறையில்தான் வம்பு. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லும் சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். தாளில் அழகாக இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு ஏழெட்டு அலாரம். இரண்டாம் நாள் விடிகாலையில் எந்த பாட்டில் எப்போது போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா கொடுத்ததைத் தெரியாமல் ஆச்சியும் கொடுப்பது அப்போதுதான் நடக்கும். என் பழக்கம் வேறு. டாக்டர் இரண்டும் எழுதியிருந்தால், காலை எட்டு, மத்தியானம் இரண்டு, ராத்திரி எட்டு ஆகிய வேளைகளில் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள் என்பேன். நடு ராத்திரி இரண்டு மணிக்குப் பாராசிட்டமால் மட்டும். நாலே அலாரம்.

ஐபுப்ரோஃபெனுக்குச் சில பிள்ளைகள் ஆகாது. சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறைவதில் கோளாறு, இந்தக் குடும்ப மருந்தால் முன்பு மூச்சிரைப்பு வந்தது ஆகியவை இருந்தால் வேண்டாம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கும் வேண்டாம். பலரும் மறக்கிற விஷயம் நீர்ச்சத்து. முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி, ஆபரேஷன், அப்புறம் இரண்டு வாந்தி, இன்னும் ஒன்றுக்குப் போகவில்லை என்றால், அந்தக் குழந்தைக்கு ஐபுப்ரோஃபென் காத்திருக்கட்டும். குடித்து, ஒன்றுக்கும் போன பிறகு கொடுக்கலாம். மழைக்காலத்தில், ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று நாளில் புதிதாகக் காய்ச்சல் வந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். அது டெங்குவாக இருந்தால் ஐபுப்ரோஃபென் ரத்தக்கசிவைக் கூட்டும்.

டான்சிலுக்கு இதைக் கொடுக்கலாமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. ரத்தம் கசியுமோ என்று சிலர் எழுத மாட்டார்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், அல்லது இரண்டையும் பரிந்துரைக்கிறது. வெட்டியவர் கையில் இந்த முடிவை விடுவதுதான் முறை. ஆனால் "வேண்டாம்" என்றால் "அப்போ வேறென்ன?" என்று கேட்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். டான்சில் வலி ஒரு நாள் வலி இல்லை. ஏழு முதல் பத்து நாள் இருக்கும். மூன்றாம் நாளுக்கு மேல் குறையாமல் கூடுவது போலவும் தெரியும். வலியால் விழுங்காமல், விழுங்காததால் தொண்டை காய்ந்து, காய்ந்ததால் இன்னும் வலித்து என்று அது சுற்றிக்கொண்டே போகும்.

## இரண்டும் சேர்ந்த ஒரே சிரப்

மெடிக்கல் ஷாப்பில் "வலி சிரப்" என்று கேட்டால் பல சமயம் கைக்கு வருவது இதுதான். ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் இரண்டும் ஒரே பாட்டிலில். ராத்திரி இரண்டு மணி வசதி என்று பார்த்தால் இதற்குத்தான் முதலிடம். ஒரு பாட்டில், ஒரு அளவு, முடிந்தது.

இதன் குறையும் அந்த வசதிக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே பாராசிட்டமால் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. சிரப்பைக் கொடுத்துவிட்டு, உடம்பு லேசாகச் சுடுகிறது என்று காய்ச்சல் சிரப்பையும் கொடுப்பார்கள். சளிக்கு வாங்கி வைத்த சிரப்பிலும் பாராசிட்டமால் இருக்கலாம். மூன்று பாட்டிலிலிருந்தும் ஒரே மருந்து. இன்னொன்று, இரண்டும் நிலையான விகிதத்தில் கலந்திருப்பதால் ஒன்றை மட்டும் கூட்டவோ நிறுத்தவோ முடியாது. வாந்தி எடுக்கிறான், ஐபுப்ரோஃபெனை நிறுத்தலாம் என்றால் பாராசிட்டமாலும் சேர்ந்து நின்றுவிடும். வீட்டில் மருந்து கொடுப்பது ஒரே ஆள், வேறு எந்த சிரப்பும் ஓடவில்லை, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்றால் இது சரி. மற்றபடி நான் தனித்தனி பாட்டில் கட்சி.

## பின்பக்கம் வைக்கும் மாத்திரை

குழந்தைக்கும் பிடிக்காது, அப்பாக்களுக்கும் பிடிக்காது. மேலே எதைக் கொடுத்தாலும் துப்புகிற, வாந்தி எடுக்கிற குழந்தைக்கு இதுதான் கைகொடுக்கும். ஆனால் மெதுவாகவும் கணக்கில்லாமலும் உறிஞ்சப்படும். வலி வந்த பிறகு வைத்தால் ஒரு மணி நேரம் ஓலம் கேட்கத்தான் வேண்டும். 80, 170, 250 என்று நிலையான அளவில் வருவதால் எடைக்குச் சரியாகவும் அமையாது. 16 கிலோ பையனுக்கு 170 குறைவுதான். சித்திரை வெயிலில் பையிலேயே உருகிவிடும், பிரிட்ஜில் வைக்க வேண்டும். வயிற்றுப்போக்கு இருந்தால் வைத்துப் பிரயோஜனமில்லை. ஒரு ராத்திரிக்கு வீட்டில் இரண்டு இருக்கட்டும் என்பேன், அவ்வளவுதான்.

## தொடவே கூடாதவை

பெரியவர்களுக்கு எழுதிக் கொடுத்து மிச்சம் கிடக்கிற டிராமடால் மாத்திரையைக் கால்வாசி உடைத்துக் கொடுக்கிற வீடுகள் உண்டு. கூடாது. சிலர் உடம்பு பிறவியிலேயே இந்த மருந்தை வேகவேகமாக வீரியமான வடிவத்துக்கு மாற்றிவிடும். தூங்கும் குழந்தையின் மூச்சே தணிந்துபோகும். வலிக்கும் இருமலுக்கும் கொடுக்கிற கோடீனும் இதே மாதிரிதான். டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு கோடீன் கொடுத்த குழந்தைகள் இறந்ததை அடுத்து 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கை விட்டது. 2017-இல், 12 வயதுக்குக் கீழே வலிக்கு இரண்டுமே கூடாது என்றது. வலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கிற நிமசுலைடு இந்தியாவில் 12 வயதுக்குக் கீழே 2011-இலேயே தடை. ஆஸ்பிரின் குழந்தைக்கே வேண்டாம்.

மெஃபனமிக் அமிலம் நம் ஊரில் காய்ச்சலுக்கு ரொம்பப் பிரபலம். அரிதாக, தோலில் தடிப்பும் உள்ளுறுப்புப் பாதிப்புமாக வருகிற ஒவ்வாமை பற்றி இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. இதுவும் ஐபுப்ரோஃபென் குடும்பம்தான், அதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

## வாந்திக்கு: காத்திருப்பதா, மருந்தா?

சரி, வலியை விட்டு வாந்திக்கு வருவோம். பல அம்மாக்களுக்கு வலியைவிட இதுதான் பயம்.

ஆபரேஷன் அன்று ஒன்றிரண்டு முறை வாந்தி வருவது மயக்க மருந்தின் வேலை. தானாக நிற்கும். குழந்தையைச் சாய்த்து, வாயைக் கொப்பளிக்க வைத்து, அரை மணி சும்மா விட்டுவிட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், இளநீர் கொடுத்தால் போதும். கேட்டால் கொடுங்கள், திணிக்க வேண்டாம். "காலையிலிருந்து பட்டினி, ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுக் கிளம்பு" என்று வார்டிலேயே ஊட்டி, பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அதே இட்லியைப் பார்த்த குடும்பங்கள் நிறைய. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குத் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். மாட்டுப்பாலும் எண்ணெய்ப் பலகாரமும் மறுநாளுக்கு. பயணமும் ஒரு காரணம். மலைப்பாதை, ஜன்னல் திறக்காத கார், பெட்ரோல் வாசம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார வைத்துக் கூட்டிப்போவது வாந்திக்காக மட்டுமல்ல, கால் இன்னும் மரத்திருக்கும் என்பதற்காகவும் வேண்டாம்.

ஆன்டான்செட்ரான் சிரப் அல்லது நாக்கில் கரையும் மாத்திரை இரண்டாவது வழி. நன்றாகக் கேட்கும், தூக்கமும் வராது. மலச்சிக்கலும் தலைவலியும் வரலாம். பிறவி இதயத் துடிப்புக் கோளாறு உள்ள பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தியேட்டரில் ஏற்கெனவே ஊசியாகப் போட்டிருந்தால் அடுத்தது எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது முறையும் வாந்தி வந்து, குடிப்பதெல்லாம் வெளியே வந்தால் இதைக் கொடுக்கலாம். ஒரு வாந்திக்கு வேண்டாம்.

கடைக்காரர் "வாந்திக்கு" என்று எடுத்துத் தருகிற டாம்பெரிடோன் 12 வயதுக்குக் கீழே பயன் தருவதில்லை என்று ஐரோப்பிய மருந்து முகமை சொல்லிவிட்டது. மெட்டோகுளோப்ரமைடு அதைவிட மோசம். ஒருமுறை ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் மேலே செருகி இருந்தது. பாட்டி காற்று கருப்பு என்று மந்திரித்துக்கொண்டிருந்தார். கொடுத்த மருந்து அதுதான். ஊசி போட்டதும் சரியாகிவிட்டாள். பாட்டிக்குத்தான் கடைசி வரை நம்பிக்கை வரவில்லை.

நான்காவது வழி ஆபரேஷனுக்கு முன்பே இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். 2004-இல் ஜெர்மனி மருத்துவர்கள் நாலே கேள்வியில் ஒரு கணக்கு வகுத்தார்கள். ஆபரேஷன் அரை மணிக்கு மேல் போகுமா? குழந்தைக்கு மூன்று வயது ஆகிவிட்டதா? மாறுகண் ஆபரேஷனா? குழந்தைக்கோ, அப்பா அம்மாவுக்கோ, கூடப் பிறந்தவர்களுக்கோ மயக்க மருந்துக்குப் பிறகு வாந்தி வந்ததுண்டா? எதற்கும் 'ஆம்' இல்லை என்றால் நூற்றில் 9 பிள்ளைகளுக்கு வாந்தி வரும். ஒன்று என்றால் 10, இரண்டு என்றால் 30, மூன்று என்றால் 55, நாலும் என்றால் 70. மயக்க டாக்டர் வந்து பேசும்போது "எனக்கு சிசேரியன் முடிஞ்சு ரொம்ப வாந்தி வந்தது டாக்டர்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆன்டான்செட்ரானும் டெக்சாமெத்தசோனும் உள்ளேயே கொடுத்துவிடுவார். வீட்டில் மருந்தைத் தேடுவதைவிட இது சுலபம். அதே பேச்சில், தண்ணீர் எத்தனை மணி வரை குடிக்கலாம் என்றும் கேளுங்கள். ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த தண்ணீர் குடிக்கலாம் என்பது பல வருஷ வழக்கம். ராத்திரி முழுக்க நாக்கு வறள விட வேண்டியதில்லை.

வலி சிரப் கொடுத்ததும் வாந்தி எடுத்துவிட்டால்? அரை மணிக்குள் என்றால் பாராசிட்டமாலை அதே அளவு மறுபடி கொடுக்கலாம். அரை மணி தாண்டிவிட்டால் அடுத்த வேளைக்குத்தான்.

## வீடா, ஒரு ராத்திரி வார்டா?

கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிகோல் என்ற அறுவை மருத்துவர் 1909-இல் ஒரு கணக்கு வெளியிட்டார். 8,988 குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அம்மாவின் மடியைவிட நல்ல கட்டில் இல்லை என்பது அவர் கட்சி. ஆனால் அவர் செவிலியர்களை வீட்டுக்கே அனுப்பிப் பார்க்கச் சொன்னார். நமக்கு அந்தப் பகுதி வரவில்லை. போன் நம்பர் மட்டும் வந்தது. அன்றைக்கே அனுப்பினால் கட்டில் வாடகை மிச்சம், ஆனால் அந்த ராத்திரியின் செவிலி வேலை அம்மா தலையில் விழுகிறது. அதைச் செலவாக யாரும் எழுதுவதில்லை.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீடே நல்லது. குறைமாதத்தில் பிறந்து இன்னும் சில மாதமே ஆன குழந்தை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதற்காக டான்சில் எடுத்த குழந்தை, சாயங்காலம் வரை வாந்தி நிற்காத குழந்தை, ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வண்டி வசதி இல்லாத ஊருக்குப் போகிற குழந்தை, வீட்டில் பெரியவர் ஒரே ஆள்தான் என்கிற குழந்தை ஆகியோருக்கு ஒரு ராத்திரி வார்டு கேளுங்கள். காப்பீடு இருந்தால், 'டே கேர்' என்று எழுதியதை ஒரு நாள் நீட்டினால் என்னாகும் என்று முந்தின நாளே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுவது நல்லது. சாயங்காலம் அந்த மேசையில் ஆள் இருக்காது.

வீட்டுக்குப் போன பிறகு உடனே கூப்பிட வேண்டியவை சில. பச்சை நிற வாந்தி. டான்சில் எடுத்தவனுக்கு வாயிலிருந்து ரத்தம் (ஐந்தாம் நாளுக்கு மேல் வந்தாலும் ஓடி வர வேண்டும்). எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. எழுப்பினாலும் எழாத தூக்கம். சரியான அளவில் இரண்டு மருந்தும் கொடுத்தும் அடங்காத வலி. பேசத் தெரியாத குழந்தையிடம் முகச் சுளிப்பு, காலை மடக்கி மடக்கி உதைப்பது, தூக்கினாலும் சமாதானம் ஆகாதது ஆகிய மூன்றையும் பாருங்கள். பசி அழுகை மடியில் அடங்கிவிடும், வலி அழுகை அடங்காது.

முதலில் சொன்ன அந்த மூன்று மணி போன் ஒருமுறை உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவரிடமிருந்து வந்தது. "விளையாடினாலும் பரவாயில்லம்மா, இப்பவே கொடுத்துடுங்க. ஒன்பது மணிக்கு ஒண்ணு, ராத்திரி மூணு மணிக்கு எழுப்பி ஒண்ணு. பிரிட்ஜ் கதவில் பேப்பர் ஒட்டி, கொடுக்க கொடுக்க டிக் பண்ணுங்க" என்றேன். "தூங்குற புள்ளையை எழுப்பவா?" என்றார். முதல் ராத்திரி மட்டும் எழுப்புங்கள் என்றேன். ஒன்பது மணிக்குப் போன் வரவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்தது: "சிஸ்டர், பூரி கேக்குறான். கொடுக்கலாமா?"